கேரலின் படகில் முன் இருக்கை

மிச்சிகனில் முதலில் என்னை வரவேற்றவை எங்கள் அட்டைப்பெட்டிகள்தான். ஓசூரில் நானே சரிபார்த்து, ஸ்டிக்கரில் இனிஷியல் போட்டு அனுப்பியவை. ஒரு பெரிய ஷெட்டின் மூலையில் சிவப்பு டேப் சுற்றித் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக்கட்டாகச் செய்து அனுப்புவது எங்கள் கம்பெனி. அதில் சில கட்டுகளில் முனைக் கிளிப் வயரைச் சரியாகக் கவ்வவில்லை. ஆள் அனுப்பி நல்லதையும் கெட்டதையும் பிரித்துக் கொடுங்கள் என்று அவர்கள் எழுதினார்கள். மேனேஜருக்கு விசா கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்துவிட்டது. இருபத்தாறு வருட சர்வீஸில் முதல் முறையாக விமானம் ஏறினேன்.

"மேரி மேடத்துக்கு யோகம்" என்று லைனில் எல்லோரும் சொன்னார்கள். என் மனசில் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஷெட்டில் இருந்து ஒரு மணி நேரத் தூரத்தில்தான் என் தங்கை செலின் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். போய்ப் பதினாறு வருடம் ஆகிறது. அவள் வீட்டை ஃபோன் திரையில் மட்டும்தான் பார்த்திருந்தேன். அதுவும் அவள் எந்த மூலையைக் காட்டுகிறாளோ அந்த மூலையை.

திங்கள் முதல் வெள்ளி வரை பெட்டியைப் பிரிப்பது, வயரை இழுத்துப் பார்ப்பது, மூடுவது. பன்னிரண்டு மணிக்கு மதியச் சாப்பாடு. எல்லோரும் ஆளுக்கு ஒரு டப்பாவைத் திறந்து, ஃபோனைப் பார்த்துக்கொண்டு, பேசாமல் சாப்பிட்டார்கள். எங்கள் கேன்டீனில் அந்த நேரத்துக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி எல்லாம் சேர்ந்து காது அடைக்கும். மூன்றாம் நாள், எதிரே உட்கார்ந்திருந்த மெக்சிகோக்காரப் பெண் என் காய்ந்த ரொட்டியைப் பார்த்துவிட்டு, தன் டப்பாவில் இருந்து சோளச் சப்பாத்தி ஒன்றை எடுத்து நீட்டினாள். உள்ளே பீன்ஸும் பச்சை மிளகாயும். வந்த பிறகு முதல் முறையாக எனக்கு மூக்கில் தண்ணீர் வந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன். அவளும் கும்பிட்டாள்.

வெள்ளி சாயங்காலம் செலின் காரில் வந்து என்னைக் கூட்டிப்போனாள். கட்டிப்பிடித்தபோது மெலிந்திருந்தாள். "டயட்டா?" என்றேன். "ஆமாக்கா" என்றாள்.

அவள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பின்பக்கக் கதவைத் திறந்தால் புல்வெளி, புல்வெளி முடிந்தால் ஆறு. பெரிய ஆறு இல்லை. எங்கள் பக்கத்துக் கால்வாயைவிடக் கொஞ்சம் அகலம். ஆனால் அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். எங்கள் ஊர் கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறந்தால் பனிமலை மாதிரி கழிவு நுரை பொங்குவதைப் பஸ்ஸில் இருந்து பார்த்துப் பழகியவள் நான். மூக்கைப் பொத்தாமல் ஓர் ஆற்றின் பக்கத்தில் நிற்க முடிகிறது என்பதே எனக்கு எரிச்சலாக இருந்தது. கரை ஓரம் மரங்களெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக நின்றன. நான் எதையும் புகழவில்லை. "கொசு வருமே?" என்று மட்டும் கேட்டேன். "அக்டோபர்ல வராதுக்கா" என்றாள்.

அவள் கணவர் தூரத்து ஊர்களுக்கு லாரி ஓட்டுகிறார், அந்த வாரம் ஊரில் இல்லை. மகள் காலேஜ் ஹாஸ்டலில். நாங்கள் இரண்டு பேர் மட்டும் என்று நினைத்து, கிருஷ்ணகிரியில் அம்மா அரைத்துக் கொடுத்த மசாலாப் பொடியைப் பெட்டியில் இருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டாமல் ஓர் அம்மாள் உள்ளே வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். ஆண்கள் போடும் கட்டம் போட்ட சட்டை, ரப்பர் பூட்ஸ், வெள்ளைக் குடுமி. நேராக அலமாரியைத் திறந்து, எந்தக் கப் எங்கே இருக்கிறது என்று தேடாமலே எடுத்து, காபி ஊற்றிக்கொண்டார்.

"அக்கா, வாங்க வாங்க" என்றாள் செலின்.

நான் திரும்பினேன். அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

"இவங்க கேரல். பக்கத்து வீடு. ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவங்க. நான் இங்க வந்த புதுசுல இவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட நாக்கு வரல. அப்படியே பழகிப்போச்சு."

"அகா" என்று அந்த அம்மாள் தன் மார்பைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். பிறகு என்னைக் காட்டி, "ரியல் அகா" என்றார். நானும் சிரித்தேன். சிரித்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, கன்னம் வலித்தது.

இரவு சாப்பாட்டிலேயே விஷயம் தெரிந்தது. அந்த வட்டாரத்தில் வாத்து வேட்டைக்கு வருடத்தில் ஒரு பருவம் உண்டு. அது மறுநாள் தொடங்குகிறது. லைசென்ஸ் எடுத்து, வாத்துப் படம் போட்ட ஒரு முத்திரை வாங்கி, ஒரு நாளைக்கு இத்தனை என்ற வரம்புக்குள் சுடலாம். நம் ஊரில் ஏரி வாத்து மேல் கல் எறிந்தாலே வனத்துறை பிடித்துக்கொண்டு போகும். கேரலின் கணவர் செலின் வேலை செய்த வார்டில்தான் இறந்தாராம். அவர் போன பிறகு, இரண்டு பேர் உட்காரும் கயாக் படகில் ஓர் இருக்கை காலியாகக் கிடந்தது. செலின் அதில் போய் உட்கார்ந்தாள். ஏழு வருடமாக அக்டோபர் வந்தால் இரண்டு பேரும் ஆற்றில்தான்.

"நீ துப்பாக்கி சுடுவியா?" என்றேன்.

"சுடுவேன்க்கா. நாளைக்கு நீயும் வா."

ஏழு வருடத்தில் வாரா வாரம் ஃபோன் பேசியிருக்கிறோம். அம்மாவின் சர்க்கரை, என் பையனின் மார்க், மாதாகோயில் திருவிழா எல்லாம் பேசியிருக்கிறோம். துப்பாக்கி பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சனிக்கிழமை காலை இரண்டு காரில் கிளம்பினோம். ஆற்றில் மிதந்து போகிறவர்கள் திரும்பி மேலே வர முடியாது என்பதால், கேரலின் காரை முதலில் கீழே பாலத்தடியில் நிறுத்திவிட்டு, எல்லோரும் செலின் காரில் எட்டு மைல் மேலே போய் இறங்க வேண்டும். செலின் கார் தலையில் இரண்டு கயாக்குகள். ஒன்று சின்னது, ஒருவருக்கு. இன்னொன்று பெரியது, இருவருக்கு. நீளமான பச்சை பிளாஸ்டிக் படகுகள், முகப்பில் காய்ந்த நாணலும் சாக்குத் துணியும் கட்டியிருந்தார்கள். தண்ணீரில் ஒரு புதர் மிதந்து வருகிறது என்று வாத்து நினைத்துக்கொள்ளுமாம்.

நானும் செலினும் பெரியதில் போவோம் என்று நினைத்தேன். கேரல் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். புதிதாக வருகிற ஆளை வைத்துக்கொண்டு பின்னால் இருந்து படகைத் திருப்பப் பலம் வேண்டும், செலினால் ஆகாது, மேரி என்னோடு வரட்டும் என்றார். செலின் சின்னதில் ஏறிக்கொண்டாள். எனக்கு லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகளைக் கேரல்தான் மாட்டிவிட்டார். நாற்பத்தைந்து வயதில் எல்கேஜி பிள்ளை மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

துடுப்பு பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். வலது, இடது. வேகம் வேண்டாம், ஆறே கொண்டுபோகும். வளைவு வந்தால் உள்பக்கக் கரையை ஒட்டிப் போக வேண்டும். வளைவுக்கு அந்தப் பக்கம்தான் வாத்துகள் ஒதுங்கியிருக்கும். அப்போது பேசக் கூடாது, துடுப்பு படகில் உரசக் கூடாது. எல்லாம் சைகை பாஷைதான். நன்றாகவே புரிந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

முன்னால் இருபது முப்பது அடி தள்ளி செலின் போய்க்கொண்டிருந்தாள். காக்கி ஜாக்கெட், மடியில் துப்பாக்கி, தலையில் தொப்பி. எங்கள் வீட்டில் கரப்பானுக்கு அலறியவள் அவள். நர்சிங் ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டபோது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இப்போது ஒரு விரல் அசைவில் படகைத் திருப்பினாள். அவள் முதுகைப் பார்க்கப் பார்க்க, இந்த ஆற்றையும் இந்த முதுகையும் யாரோ என்னிடம் இருந்து எடுத்து இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று தோன்றியது. பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அது பொறாமைதான்.

முதல் இரண்டு வளைவிலும் ஒன்றும் இல்லை. நேரான பகுதி வந்ததும் கேரல் பின்னால் இருந்து மெல்லப் பேச ஆரம்பித்தார். எனக்குப் புரியட்டும் என்று நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"அவள் பலசாலி. போன குளிர்காலத்தில் அதை எடுத்த பிறகு, இடது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. இந்த வருடம் துப்பாக்கி வேண்டாம் என்றேன். கேட்கவில்லை."

எதை எடுத்த பிறகு?

திரும்பிப் பார்க்க முடியாது, திரும்பினால் படகு ஆடும். அவரும் என் முகத்தைப் பார்க்க முடியாது. அதனால் தொடர்ந்து பேசினார். கீமோ கொடுத்த நாட்களில் எதுவுமே வயிற்றில் நிற்கவில்லை, வெறும் வெள்ளைச் சோறும் தயிரும்தான், தயிர் சோறு செய்ய நான் கற்றுக்கொண்டேன் என்றார். கான்சர் என்ற வார்த்தை நடுவில் வந்தது. அதை எந்த மொழியில் சொன்னாலும் புரியும்.

"உங்களுக்கு அவ்வளவு தூரத்தில் ரொம்பக் கஷ்டமாக இருந்திருக்கும்" என்றார்.

"எஸ்" என்றேன். "ஐ நோ. ஐ நோ."

எனக்குத் தெரியும் என்று ஏன் சொன்னேன்? தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. கூடப் பிறந்தவளுக்குத் தெரியாதது பக்கத்து வீட்டு அம்மாளுக்குத் தெரியும் என்பதை அந்த அம்மாளிடமே ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அடுத்த வளைவில் செலின் கையைத் தூக்கினாள். இடது கை. தோள் உயரத்துக்குக்கூட வரவில்லை என்பதை இப்போது பார்த்தேன். நாங்கள் நின்றோம். நாணல் இடுக்கு வழியாக எனக்கும் தெரிந்தன. ஏழெட்டு வாத்துகள். ஆண் வாத்துகளுக்குத் தலை பச்சைப் பட்டு மாதிரி மின்னியது. ஒன்றும் தெரியாமல் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு மிதந்தன. செலின் துடுப்பைக் கீழே வைத்துவிட்டுத் துப்பாக்கியைத் தூக்க ஆரம்பித்தாள். மெதுவாக, வலியோடு தூக்கினாள். பின்னால் கேரல் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. அவர்கள் இரண்டு பேருடைய கணம் அது. ஏழு வருடக் கணம்.

நான் துடுப்பைப் படகின் பக்கவாட்டில் ஓங்கி அடித்தேன்.

எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. செலின் ஒரு முறை சுட்டாள். குறி தப்பியது. ஓசை மரங்களில் மோதித் திரும்பி வந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"யாரு அது?"

"ஸாரி" என்றார் கேரல். "என் துடுப்பு."

நான் வாயைத் திறக்கவில்லை. நான்கு மைல் தூரத்துக்கு மேல், பின்னால் இருந்து துடுப்பு தண்ணீரில் இறங்குகிற சத்தம்கூட இல்லாமல் அந்தப் படகு போயிற்று. நடுவில் செலின் இரண்டு வாத்து சுட்டாள். விழுந்ததை நோக்கி கேரல் படகைத் திருப்பினார், நான் கை நீட்டி எடுத்தேன். இன்னும் சூடாக இருந்தது. என் கையில் அது இருந்த கனம், ஒரு பிறந்த குழந்தையின் கனம்கூட இல்லை.

பாலத்தடிக்கு வந்து சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. படகுகளை இழுத்துக் கரையேற்றியதும் கேரல் சட்டைப் பையைத் தட்டினார், பேன்ட் பையைத் தட்டினார், பிறகு வானத்தைப் பார்த்து எதையோ சொன்னார். அவர் கார் சாவி அவருடைய கோட்டில் இருந்தது. கோட்டு எட்டு மைல் மேலே, செலினுடைய காரில் இருந்தது. இத்தனை வருடத்தில் இது முதல் தடவை என்று செலின் சொன்னாள். செலினின் கார் சாவியை வாங்கிக்கொண்டு, கேரல் மேலே ரோட்டுக்கு ஏறிப் போய்க் கை காட்டினார். பூசணிக்காய் ஏற்றிய ஒரு சின்ன லாரி நின்றது. உள்ளே தாடிக்காரர் ஒருவர். குனிந்து எங்களைப் பார்த்து, "அந்தப் பொண்ணுங்க ரெண்டு பேரும் என்ன ஜாதி வாத்து?" என்று கேட்டாராம். கேரல் சிரித்துக்கொண்டே ஏறிப் போனார்.

நாங்கள் இரண்டு பேரும் கவிழ்த்த படகு மேல் உட்கார்ந்தோம். குளிர். பக்கத்தில் இரண்டு வாத்துகள். பாலத்தின் மேல் எப்போதாவது ஒரு வண்டி.

"துடுப்பைத் தட்டுனது நான்தான்" என்றேன்.

"தெரியும்க்கா. கேரல் துடுப்பு சத்தம் போடாது."

"எப்பருந்துடீ?"

அவள் எதை என்று கேட்கவில்லை. "போன நவம்பர்" என்றாள்.

"கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஒரு மணி நேரம் பேசினு இருந்தோமே. கேக் காட்டுனியே."

"விக்கு வெச்சிகினு காட்டுனேன்."

"நான் செத்தா போயிட்டேன்? யாரோ ஒருத்திக்குச் சொல்லிருக்க. உன் வாந்திய அவ அள்ளியிருக்கா. எனக்கு ஒரு ஃபோன் பண்ண முடியல உனக்கு?"

"பண்ணியிருந்தா என்னா பண்ணியிருப்ப?"

"என்னா பண்ணியிருப்பேனா? வந்திருப்பேன். லீவு போட்டு..."

"அழுதிருப்ப" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியின் வீட்டாரிடம் பேசுகிற குரல். "அப்பாவுக்குக் காலு எடுத்தப்போ வார்டுலயே மயங்கி விழுந்துட்ட. சிஸ்டருங்க அப்பாவ விட்டுட்டு உனக்குத் தண்ணி தெளிச்சினு இருந்தாங்க. நான் அப்பாவப் பாக்கறதா, உன்னப் பாக்கறதா? சாயங்காலமே அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்ட. சொல்லாதன்னு டாக்டரு அத்தினி தடவ சொல்லியும். எனக்கு வந்தப்போ, உன்னையும் சேத்துத் தூக்கத் தெம்பு இல்லக்கா. அவ்ளோதான்."

அவள் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அப்பாவின் அந்த வார்டு தரையின் குளிர்ச்சி எனக்குக் கன்னத்தில் தெரிந்தது.

"அவ மட்டும்?" என்றேன். சின்னப் பிள்ளை மாதிரித்தான் கேட்டேன்.

"அவகிட்டயும் நான் சொல்லலக்கா. ரிசல்ட் வாங்கினு வந்து கார் பார்க்குல உக்காந்துகினு இருந்தேன். ரெண்டு மணி நேரம். வீட்டுக்கு வரலன்னு தேடினு வந்தா. ஒண்ணும் கேக்கல. தள்ளி உக்காருன்னு சொல்லி அவ வண்டிய ஓட்டினா, அவ்ளோதான்." பக்கத்தில் கிடந்த வாத்தின் இறகைத் தடவிக்கொண்டே, "இன்னிக்கு உன்ன முன்னாடி உக்கார வெச்சதால அவ துப்பாக்கியே எடுத்தாரல, பாத்தியா? முன்னாடி ஆள் இருந்தா பின்னாடி இருக்கறவங்க சுடக் கூடாது. சீசன் தொடங்கற நாளு. வருஷம் பூரா அவ காத்துகினு இருக்கற நாளு" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. அழக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். அப்படியும் வந்தது. செலின் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவள் சொன்னது எவ்வளவு சரி என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கு முழுதாக உறைத்தது. கான்சர் அவளுக்கு, ஆறுதல் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து, கேரலும் நானும் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து வாத்துக்கு இறகு பிடுங்கினோம். வீடு வரும் வரை ஓர் இறக்கையை உடம்போடு விட்டுவைக்க வேண்டுமாம், என்ன வாத்து என்று வழியில் அதிகாரி கேட்டால் காட்டுவதற்கு. அவர் ஒன்றைப் பிடுங்கி முடிப்பதற்குள் நான் என்னுடையதைப் பிடுங்கி, மஞ்சள் தடவி வைத்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு இருபது கோழி பிடுங்கிய கை. அவர் புருவத்தை உயர்த்தினார். அதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம், மறைக்க மாட்டேன்.

"பேடில்" என்று துடுப்பை அடிப்பது போலக் கையை ஆட்டினேன். என்னைத் தொட்டுக் காட்டினேன். "மீ. ஸாரி."

"தெரியும்" என்றார். "என் வீட்டுக்காரரும் கோபம் வந்தால் படகைத்தான் அடிப்பார்."

பிறகு என் நோக்கத்துக்கு வந்தேன். டாக்டர் என்ன சொன்னார், எத்தனையாவது ஸ்டேஜ், திரும்ப வருமா, எல்லாம் சொல்லுங்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் கொட்டிக் கேட்டேன். கேரல் கையில் இருந்த இறகை ஊதிவிட்டார். அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள் என்று நினைத்து நேற்று பேசிவிட்டேன், அது என் தப்பு, இனி நான் சொல்ல மாட்டேன், அவளிடமே கேளுங்கள் என்றார். நான் இரண்டு முறை கேட்டும் அதே பதில்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். யார் கேட்டாலும் சொல்லியிருப்பேன், கேட்காதவர்களுக்கும் சொல்லியிருப்பேன். அதனால்தான் என்னிடம் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அந்த அம்மாளின் வீட்டைப் பார்த்து, ஆற்றைப் பார்த்து, துப்பாக்கியைப் பார்த்து வந்ததைவிடப் பெரிய பொறாமை, அவர் வாயை மூடிக்கொண்டதைப் பார்த்து வந்தது.

ஒரு வாத்தைக் கேரல் நெஞ்சுக்கறியாக அறுத்து, வெண்ணெயில் இரண்டு நிமிடம் புரட்டித் தட்டில் வைத்தார். உள்ளே ரத்தச் சிவப்பு. இன்னொன்றை நான் அம்மாவின் பொடி போட்டு, வெங்காயம் கருக வதக்கி, ஒரு மணி நேரம் வேகவைத்துச் சுண்ட வதக்கினேன். செலின் முதலில் எதை எடுப்பாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கேரல் செய்ததை எடுத்தாள். கேரல் நான் செய்ததை எடுத்தார். மூக்கு, காது எல்லாம் சிவந்து, மூன்று டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி தட்டை நீட்டினார். எனக்கு ஒரு வாய் மெல்லும்போது பல்லில் டக்கென்று ஏதோ கடிபட்டது. ஓர் இரும்புக் குண்டுமணி, செலின் சுட்ட ரவை. தட்டின் ஓரத்தில் வைத்தேன்.

அடுத்த வாரமும் பெட்டிகள்தான். எல்லாவற்றையும் பிரித்து முடித்து, நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் என்று ஒப்படைத்தேன். அடுத்த சனிக்கிழமை கயாக் ஏற அவர்கள் கூப்பிட்டபோது வரவில்லை என்றேன். இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கெஞ்சினார்கள். கேரல் கார் சாவி என் கையில் இருக்கட்டும், நான் பாலத்தடியில் இருக்கிறேன் என்றேன். பாலத்தின் மேல் இரண்டரை மணி நேரம் நின்றேன். தூரத்தில் இரண்டு வெடிச் சத்தம், ஒன்றன் பின் ஒன்றாக. பிறகு நாணல் கட்டிய ஒரே படகு வளைவில் வந்தது. முன்னால் கேரல், மடியில் துப்பாக்கி. பின்னால் என் தங்கை. எதற்கோ இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். எதற்கு என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லக்கா, அங்க ஒரு மரம்..." என்று ஆரம்பித்து, சொல்ல முடியாமல் மறுபடி சிரித்தாள். அந்த மரத்தை நான் பார்க்கவில்லை. துண்டை எடுத்து நீட்டினேன்.

அன்று இரவே அவளிடம் கேட்டேன். அழாமல், டாக்டர் சொன்னதை ஒவ்வொன்றாகக் கேட்டேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். அம்மாவிடம் சொல்லாதே என்றாள். சரி என்றேன். நம்பவில்லை என்று அவள் முகம் சொன்னது. மறுநாள் கிளம்பிவிட்டேன்.

ஓசூர் வந்து மூன்று மாதம். அம்மா நேருக்கு நேர் உட்கார்ந்து, "செலினு ஏன் எளச்சிட்டான்னு சொன்ன?" என்று நாலு தடவை கேட்டாள். "டயட்டும்மா" என்றேன். அவ்வளவு கஷ்டமான வேலையை நான் எந்த லைனிலும் செய்ததில்லை.

ஜனவரியில் ஒரு நாள், ஷிப்ட் முடிந்து கிருஷ்ணகிரிக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். சூளகிரி நெருங்கும்போது ஃபோன் அடித்தது. செலின். அங்கே காலை ஏழு மணி இருக்கும்.

"அக்கா, இன்னிக்கு ஸ்கேன். எட்டு மணிக்கு. போயினு இருக்கறம்." குரலைத் தாழ்த்தி, "பயமா இருக்குதுக்கா" என்றாள்.

பயமா இருக்குது என்று என்னிடம் அவள் சொன்னதே இல்லை. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "கேரல் ஓட்டறாங்களா? ஸ்பீக்கர்ல போடு."

"ஹலோ, மேரி" என்றார் கேரல்.

"ரோட்? ஸ்னோ?"

"பனி கொட்டுகிறது. மெதுவாகத்தான் போகிறேன்."

"குட்" என்றேன். "ஸ்லோ. வெரி ஸ்லோ."

யாரும் ஃபோனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் கண்ணாடி துடைக்கும் கம்பியின் சத்தம் சர், சர் என்று வந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் பஸ் சூளகிரியில் நின்றது. "அது என்னா சத்தம்?" என்றாள் செலின். "கொத்தமல்லிக் கட்டு ஏத்தறாங்க. டெம்போக்காரன் கத்தறான்." "வாசன வருதா?" "வருது." அவள் லேசாகச் சிரித்தாள். பக்கத்தில் இருந்த பெண் என்னக்கா என்று கண்ணால் கேட்டாள். ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

இருபத்தைந்து நிமிடம் கழித்து எஞ்சின் அணைந்தது. "வந்துட்டோம்க்கா" என்றாள். ஃபோனை வைக்க மறந்துவிட்டாள். இரண்டு கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு பனியில் நறநறவென்று இரண்டு பேர் நடக்கிற சத்தம். அந்த இரண்டில் ஒன்று நானாக இருக்க வேண்டும் என்று நினைத்தபடி, லைன் அறுந்து போகும் வரை காதில் இருந்து ஃபோனை எடுக்கவில்லை.

மறுநாள் ரிசல்ட் வந்தது. ஒன்றும் இல்லை, சுத்தம் என்றாள். மாதாவுக்கு நன்றி சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன். அந்தச் சேதியை அவள் முதலில் யாரிடம் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.